யாழ்ப்பாணத்து வீட்டில் எறும்புக் கூட்டம்: ராணியிலிருந்து முதல் முப்பது வேலையாட்கள் வரை

யாழ்ப்பாணத்தில் எறும்பு வளர்க்கத் தொடங்குபவர்களின் முதல் ராணி பெரும்பாலும் செத்துப்போவது கூடுதலான கவனிப்பால்தான். தண்ணீர் கூடிப்போகும், தீன் கூடிப்போகும், நாளுக்கு நாலு தரம் டோர்ச் அடித்துப் பார்ப்பதும் கூடிப்போகும். குளிர் நாட்டுக்காரர் எழுதி வைத்த வழிமுறைகளை அப்படியே பின்பற்றுவதும் ஒரு காரணம். அங்கே சூடாக்கும் கம்பி வேண்டும், மாரிக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் உறங்க வைக்க வேண்டும். எங்கள் அறை வெப்பம் ஆண்டு முழுவதும் எறும்புக்கு ஏற்றது, அந்த இரண்டும் இங்கே வேண்டாம். இங்கே கவனிக்க வேண்டியவை வேறு: தகரக் கூரையின் வெக்கை, குசினிக்குள் திரியும் சின்ன எறும்புகள், நுளம்புச் சுருள்.

ராணி கிடைக்கும் காலம் மழையோடு சேர்ந்தது. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் மழைக்குப் பிறகும், ஐப்பசியில் மாரி தொடங்கும் முதல் சில நாட்களிலும் சிறகு முளைத்த ராணிகளும் ஆண்களும் பறக்கும். மழை விட்டு, காற்று அடங்கி, நிலம் ஈரமாக இருக்கும் பொழுதுதான் தோது. இரவில் விறாந்தை விளக்கு, கோயில் வீதி விளக்கு, பெற்றோல் நிலைய வெளிச்சம் ஆகியவற்றின் கீழே நிலத்தைப் பாருங்கள். மறுநாள் விடியப் பார்த்தால், சிறகைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக ஓடித் திரியும் ராணிகள் அகப்படும்.

அதே விளக்கில் ஈசலும் விழும். புதியவர்கள் ஈசலைப் பிடித்துக் குழாயில் போட்டுவிட்டுக் காத்திருப்பது உண்டு. ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக மணி கோத்ததுபோல இருக்கும், இடுப்பு ஒடுங்காது. எறும்பு ராணிக்கு முன் சிறகு பின் சிறகை விடப் பெரியது, உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும், இடுப்பு நூலாக ஒடுங்கும். சிறகு கழன்ற ராணியைப் பெரிய வேலையாளிலிருந்து பிரித்தறிய முதுகைப் பார்க்க வேண்டும். சிறகுத் தசை இருந்ததால் நெஞ்சுப் பகுதி புடைத்திருக்கும், சிறகு கழன்ற இடத்தில் சின்னத் தழும்புகள் தெரியும். ஆண் எறும்புக்குத் தலை சிறிது, கண் பெரிது, உடல் மெலிவு. பறப்பு முடிந்து ஓரிரு நாளில் அது செத்துவிடும்.

எந்த இனத்தைப் பிடிப்பது என்பதில் என் கருத்து திடமானது: முதன்முதலில் கட்டெறும்புதான். காம்போனோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பெரிய எறும்புகள் இவை. ராணி ஒன்றரை சென்றிமீற்றர் அளவில் இருக்கும், வெறுங்கண்ணால் எல்லாம் தெரியும், கொடுக்கு இல்லை. மெதுவாகத்தான் பெருகும், அந்த மெதுவே பழகுபவருக்கு நல்லது. அடுத்தது பெரிய தலைச் சிப்பாய்கள் கொண்ட ஃபெய்டோல். ராணி சிறிது, ஆனால் மூன்று நாலு கிழமையில் முதல் வேலையாட்கள் வந்துவிடும், அதற்குப் பிறகு எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். இந்த இரண்டு வகை ராணிகளும் தம்மை அடைத்துக்கொண்டு, தேவையற்றுப்போன சிறகுத் தசையையும் உடற்கொழுப்பையும் கரைத்து முதல் பிள்ளைகளை வளர்ப்பவை. வெளியிலிருந்து தீன் தேவையில்லை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. மாமரத்து முசுறு உயிருள்ள இலைகளைப் பின்னிக் கூடு கட்டுவது, ஒரு மரத்தில் பல கூடு வைப்பது. வீட்டுக்குள் அதற்கு நியாயமான வாழ்க்கை கொடுக்க முடியாது. கொட்டினால் கொப்பளம் போடும் செந்நிற நெருப்பெறும்பு அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவியது, தப்பினால் பக்கத்து வளவுக்கும் தொல்லை. டயகாமா என்ற கருமையான, தனியாக வேட்டையாடித் திரியும் எறும்பில் ராணி என்ற வடிவமே கிடையாது. வேலையாட்களில் ஒன்றே இணை சேர்ந்து முட்டையிடும், ஆகவே அதில் ராணி தேடுவது வீண். வெளிநாட்டு இனங்களைத் தருவிக்க வேண்டாம், இங்குள்ள ராணிகளை அனுமதி இன்றி வெளியே அனுப்பவும் வேண்டாம். 2025 மே மாதம் கென்ய நீதிமன்றம், ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்குத் தலா பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் தண்டம் அல்லது ஒரு வருடச் சிறை என்று தீர்ப்பளித்தது. அவர்களும் சோதனைக் குழாயில் பஞ்சு வைத்துத்தான் அடைத்திருந்தார்கள்.

இனி அந்தக் குழாய். பாடசாலை ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் 16 மில்லிமீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் நீளமான கண்ணாடிச் சோதனைக் குழாய் கட்டெறும்புக்குச் சரி. ஃபெய்டோலுக்கு 12 மில்லிமீற்றர் அகலம் போதும். அடியில் 6 சென்றிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர், அதன்மேல் 2 சென்றிமீற்றர் பஞ்சு, பிறகு 5 சென்றிமீற்றர் ராணிக்கான இடம், வாயில் 2 சென்றிமீற்றர் உலர்ந்த பஞ்சு. பஞ்சு பார்மசியில் வாங்கும் மருத்துவப் பஞ்சாக இருக்க வேண்டும். தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சு தண்ணீரை ஏற்காது, ராணி தாகத்தில் சாகும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. எறும்புக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் கண்ணாடியில் வெள்ளை படிந்து உள்ளே பார்க்க முடியாமல் போகும். கொதிக்க வைத்து ஆற வைத்து வடித்த மழைத் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ நல்லது. கரையோரத்து உவர்த் தண்ணீரைத் தொட வேண்டாம்.

பஞ்சை இறக்கும்போது கை பொறுமையாக இருக்க வேண்டும். குழாயை நிமிர்த்திப் பிடித்து, பஞ்சின் பக்கவாட்டில் ஒரு தென்னீர்க்கை வைத்து, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் மெல்லத் தள்ளுங்கள். ஈர்க்கு விட்ட இடைவெளியால் காற்று வெளியேறும். பஞ்சு தண்ணீரைத் தொட்டதும் ஈர்க்கை உருவிவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். பஞ்சின் மேற்பரப்பு ஈரமாகத் தெரிய வேண்டும், அதன்மேல் தண்ணீர் தேங்கக் கூடாது. பஞ்சுக்குக் கீழே காற்றுக் குமிழி அகப்பட்டிருந்தால் திரும்பச் செய்யுங்கள். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பகலில் அறை சூடேறும்போது அந்தக் குமிழி விரிந்து தண்ணீரைப் பஞ்சின் வழியாக முன்னே தள்ளும். விடியற்காலையில் வறண்டிருந்த குழாய் மத்தியானத்தில் வெள்ளமாகக் கிடப்பது இதனால்தான். தண்ணீர் குறையக் குறைய உள்ளே காற்றின் அளவு கூடும், ஆகவே பழைய குழாய்தான் புதியதை விட அதிகம் வெள்ளம் போடும். அரைவாசிக்குக் கீழே தண்ணீர் இறங்கிய குழாயை வெக்கையான இடத்தில் வைக்கவே கூடாது.

ஒரு குழாய்க்கு ஒரு ராணி. இரண்டு கட்டெறும்பு ராணிகளைச் சேர்த்து விட்டால் பெரும்பாலும் ஒன்று மற்றதைக் கடித்துக் கொல்லும், வென்றதும் கால் ஒன்றிரண்டை இழந்திருக்கும்.

வைக்கும் இடத்தைத் தெரிவு செய்வதில்தான் யாழ்ப்பாணத்து வீடு தன் குணத்தைக் காட்டும். 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை நல்லது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரை அல்லது அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ் அலுமாரியின் மேல்தட்டு இதைவிடப் பல பாகை கூடுதலாக இருக்கும். அதே அறையில் சீமெந்து நிலத்தோடு ஒட்டிய அடித்தட்டு குளிர்ச்சியாக இருக்கும். எனவே அடித்தட்டு அல்லது அடி லாச்சி. ஆனால் லாச்சியை ஒவ்வொரு நாளும் இழுத்துச் சாத்துகிறவர்கள் உள்ள வீட்டில் அது உதவாது, அதிர்வுதான் ராணிக்கு ஆகப் பெரிய அச்சம். தண்ணீர்ப் பம்பு பூட்டிய சுவர், கிரைண்டர் இருக்கும் மேசை, குளிர்சாதனப் பெட்டியின் தலை மூன்றும் கூடாது. பயந்த ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். குழாயைக் கிடையாகவே வையுங்கள், உருளாமல் இரு பக்கமும் சின்னக் களிமண் உருண்டை வைத்து. தண்ணீர்ப் பக்கம் அறையின் குளிர்ந்த திசையில் இருக்கட்டும். தண்ணீர்ப் பக்கம் சூடானால் ஆவி எழுந்து ராணி இருக்கும் பக்கத்துக் கண்ணாடியில் துளியாகப் படியும், முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மார்கழி, தை இரவுகளில் கண்ணாடி குளிர்வதால் கொஞ்சம் வியர்ப்பது வழமை, அதற்குப் பதற வேண்டாம்.

குழாயைக் கறுத்தக் கடுதாசியால் சுற்றிவிட்டு, கிழமைக்கு ஒரு தரம் மட்டும் திறந்து பாருங்கள். எறும்புக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது, டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்பு செலோபேன் கடுதாசியை இரண்டு மடிப்பாகக் கட்டிப் பார்த்தால் அது அவ்வளவாகக் கலையாது. முதல் கிழமைக்குள் பெரும்பாலும் முட்டைக் குவியல் தெரியும். இரண்டு மூன்று கிழமையில் முட்டைகள் புழுவாகும். கட்டெறும்புப் புழு பழுப்பு நிறப் பட்டுக் கூட்டைச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கூடு பின்ன அது எதையாவது பற்ற வேண்டும், வெறும் கண்ணாடியில் சில புழுக்கள் திணறும். ஒரு சிட்டிகை மெல்லிய மணலைக் குழாய்க்குள் முன்கூட்டியே போட்டுவிடலாம். கடற்கரை மணலானால் மூன்று நாலு தரம் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் போடுங்கள். கூட்டின் ஒரு நுனியில் கறுப்புப் புள்ளி ஒன்று விழுந்திருக்கும். புழு தன் வயிற்றில் சேர்ந்த கழிவு முழுவதையும் ஒரேயடியாக வெளியேற்றிய அடையாளம் அது, அந்தப் புள்ளியைக் கண்டால் உள்ளே உருமாற்றம் நடக்கிறது என்று நம்பலாம். முட்டையிலிருந்து முதல் வேலையாள் வரை கட்டெறும்புக்கு எங்கள் வெப்பத்தில் ஐந்து முதல் ஏழு கிழமை பிடிக்கும்.

சிறகு கழன்றதெல்லாம் இணை சேர்ந்த ராணி என்று சொல்ல முடியாது. இணை சேராத ராணியும் முட்டையிடும், ஆனால் அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். ஆகவே ஒரே இரவில் மூன்று நாலு ராணிகளைப் பிடித்துத் தனித்தனிக் குழாயில் வைப்பது புத்தி. வேலையாள் வளர்ந்ததை வைத்திருந்து, மிகுதியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

முதலில் வெளிவரும் வேலையாட்கள் வெளிறிய நிறத்தில், வழமையை விடச் சின்னதாக இருக்கும். ராணி கையிருப்பை எல்லோருக்கும் பங்கிட்டதன் விளைவு அது, குறைபாடு அல்ல. உடல் கறுக்க ஓரிரு நாள் விடுங்கள். அதன் பிறகுதான் தீன்.

வளர்ந்த எறும்பால் திண்மமாக எதையும் விழுங்க முடியாது, திரவத்தை மட்டும் குடிக்கும். இறைச்சித் துண்டு புழுக்களுக்குப் போகும். இதைப் புரிந்துகொண்டால் தீன் கணக்கு எளிது: வேலையாட்களுக்கு இனிப்பு, புழுக்களுக்குப் பூச்சி. ஒரு பங்கு சீனிக்கு மூன்று பங்கு தண்ணீர். பனங்கட்டியும் நன்றாக எடுக்கும், ஆனால் எங்கள் வெக்கையில் ஒரே நாளில் புளித்துவிடும், மறுநாளே எடுத்துவிட வேண்டும். துளியாகவே விட்டால் சின்ன வேலையாட்கள் அதற்குள் விழுந்து ஒட்டிச் சாகும். பயறளவு பஞ்சு உருண்டையை அதில் நனைத்துப் பிழிந்து வையுங்கள். பத்து வேலையாட்களுக்குக் குறைந்த கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு பழ ஈ போதும். நன்றாகக் கனிந்த இதரை வாழைப்பழத்தைப் போத்தலில் போட்டு, வாயில் கடுதாசிக் கூம்பு வைத்தால் பழ ஈ தானாக வந்து சேரும். போத்தலை ஒரு மணித்தியாலம் உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். நுளம்பு அடிக்கும் மின் மட்டையில் செத்த நுளம்பும் நல்ல தீன், மருந்து படாதது. பழைய கிடுகு வேலியின் அடியில் இருக்கும் கறையான் வேலையாட்களைக் கட்டெறும்பு விரும்பி எடுக்கும், பெரிய தாடையுள்ள கறையான் சிப்பாயை மட்டும் விலக்கிவிடுங்கள். கரப்பொத்தான் காலும் கொடுக்கலாம், ஆனால் குசினியில் மருந்தடித்துச் செத்ததை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

போதுமா என்பதை எறும்பின் வயிறே சொல்லும். பசியில் இருக்கும் கட்டெறும்பின் வயிற்றுத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முழுக்க ஒரே கறுப்பாக இருக்கும். நிறையக் குடித்த எறும்பின் வயிறு உப்பி, தகடுகள் விலகி, இடையில் மங்கலான வெளிர்க் கோடுகள் தெரியும். வேலையாட்களில் பாதிக்கு அந்தக் கோடுகள் இருந்தால் இனிப்பை நிறுத்துங்கள். ஒரு நாளுக்கு மேல் கிடந்த மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் தண்ணீரால் அல்ல, மறந்துபோன ஈயின் வயிற்றால். ஈரப் பஞ்சு மஞ்சளாவதும் அதன் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பதும் அவசரமில்லை. தண்ணீர் தீரும் தறுவாயிலோ, கெட்ட மணம் வந்தாலோ மட்டும் இடம் மாற்றலாம்.

மாற்றும்போது ஒருபோதும் தட்டிக் கொட்ட வேண்டாம். புதிய குழாயின் வாயைப் பழையதன் வாயோடு சேர்த்து ஒட்டி, புதியதை இருட்டாக மூடி, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். சில கூட்டம் அன்றிரவே போகும், சிலது ஒரு கிழமை இழுக்கும். போகும்போது முட்டை, புழுக்களை ஒவ்வொன்றாகத் தாடையில் கவ்விச் செல்வதைக் காணலாம்.

அயல் எறும்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இளம் கூட்டங்களில் பாதியை அழிப்பது அதுதான் என்பது என் கணிப்பு. தலை கறுத்து, பின்னுடல் வெளிறி, ஒன்றரை மில்லிமீற்றர் நீளத்தில் சீனிப் போத்தலைச் சுற்றி ஓடும் சின்ன எறும்பை எல்லா வீட்டிலும் காணலாம். பஞ்சின் இழைகளுக்குள் அது நுழைந்துவிடும். ஒன்று வழி கண்டால் இரவுக்குள் நூற்றுக்கணக்கில் வந்து முட்டை, புழு, ராணி எல்லாவற்றையும் முடித்துவிடும். வாய்ப் பஞ்சை இறுக்கினால் மட்டும் போதாது. குழாய்களை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டை நாலு சின்னக் கிண்ணங்களின் மேல் தூக்கி, கிண்ணங்களை அகலமான தட்டத்துத் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். எங்கள் வீடுகளில் சாப்பாட்டு அலுமாரியின் கால்களுக்குத் தண்ணீர்ச் சட்டி வைத்த அதே முறைதான். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விடுங்கள். அது இல்லாத தண்ணீரின் மேற்பரப்பில் சின்ன எறும்பு நடந்தே கடந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு: தேங்கிய தண்ணீரில் ஒரு கிழமைக்குள் நுளம்புக் குடம்பி வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் வழக்குத்தான். மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தட்டத்தின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், நுளம்பு முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். தட்டு சுவரில் முட்டக் கூடாது, மின்கம்பியும் அதன்மேல் தொங்கக் கூடாது. ஒரு பாலம் கிடைத்தால் அகழி இருந்தும் பயனில்லை.

நுளம்புச் சுருளும், மின்னில் செருகும் திரவமும், தெளிக்கும் டின்னும் பூச்சியைக் கொல்லும் மருந்துகள், எறும்பும் பூச்சிதான். குழாய் இருக்கும் அறையில் அவற்றைப் பாவிக்காமல் வலை கட்டிப் படுங்கள். டெங்குப் புகை அடிக்கும் வண்டி ஒழுங்கைக்குள் வந்தால் குழாய்களை மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, புகை முற்றாக அடங்கும் வரை ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்திருங்கள், காற்றுக்குக் குறை வராது. வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்கள் பக்கத்தில் உள்ளவர்கள் அங்கிருந்து பிடித்த தத்துவெட்டியைத் தீனாகக் கொடுக்க வேண்டாம், மருந்தடித்த இலையைத் தின்றிருக்கும். கையில் நுளம்புக் களிம்பு பூசியிருந்தால் கழுவிவிட்டுக் குழாயைத் தொடுங்கள்.

இருபது, முப்பது வேலையாட்கள் வரும்வரை குழாயே வீடு. அதற்கு முன் பெரிய கூட்டுக்கு மாற்றினால் வெற்றிடத்தில் குப்பை சேர்ப்பார்கள், ஈரத்தைக் கட்டுப்படுத்த முடியாது, ராணி எந்த மூலையில் என்று உங்களுக்கும் தெரியாது. முப்பதை எட்டியதும் குழாயின் வாயைத் திறந்து, 15 சென்றிமீற்றர் நீளம், 10 அகலம், 8 உயரமுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் அப்படியே கிடத்துங்கள். அந்தப் பெட்டி அவர்களுக்கு முற்றம், தீனை இனி அங்கே வைக்கலாம். மூடியில் சதுரமாக வெட்டி, துருப்பிடிக்காத மெல்லிய கம்பிவலையைச் சூட்டுப் பசையால் ஒட்டுங்கள். பெட்டியின் உட்பக்க விளிம்பில் மூன்று சென்றிமீற்றர் பட்டையாக முகப்பவுடரையும் மருத்துவ ஸ்பிரிட்டையும் டின்பால் பதத்தில் குழைத்துப் பூசினால், காய்ந்ததும் எறும்பின் கால் அதில் பிடிக்காது. வறண்ட மாதங்களில் அது நெடுநாள் நிற்கும். மாரியில் ஈரக்காற்றில் உதிரும், இரண்டு கிழமைக்கு ஒரு தரம் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பூச்சு ஈரமாக இருக்கும்போது கூட்டத்தை விடாதீர்கள், ஸ்பிரிட் ஆவி அவற்றைக் கொல்லும். தேங்காய் எண்ணெய் பூசுவது இங்கே சரிவராது, வெக்கையில் வழிந்து தரைக்கு வந்துவிடும். வஸ்லினை மிக மெல்லிய பட்டையாகப் பூசினால் நிற்கும்.

பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் கூடு வார்க்க விரும்புகிறவர்கள் அளவில் இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, தூளைத் தண்ணீருக்குள் தூவிக் கலக்குங்கள். தண்ணீரைத் தூளுக்குள் ஊற்றினால் கட்டி விழும். அறைகளின் வடிவத்தைப் பிளாஸ்டிசினில் செய்து அடியில் ஒட்டிவிட்டு, அதன்மேல் கலவையை ஊற்றுங்கள். அறை உயரம் ஒரு சென்றிமீற்றரைத் தாண்ட வேண்டாம், முழுப் பரப்பும் ஒரு தீப்பெட்டி அளவு இருந்தால் முதல் ஐம்பது பேருக்குக் காணும். குறைந்தது ஒரு கிழமை வெயிலில் காய வையுங்கள், பாதி காய்ந்த கூட்டில் பூஞ்சணம் நிச்சயம். பிறகு ஒரு மூலையில் மட்டும் சிறிஞ்சால் மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் இரண்டு மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்வாகவும் இருந்தால் முட்டையை ஈரத்திலும் புழுவின் பட்டுக் கூடுகளை உலர்விலும் அவர்களே பிரித்து வைப்பார்கள். எல்லோரும் ஈர மூலையில் நெருங்கிக் கிடந்தால் தண்ணீர் காணாது, எல்லோரும் அதை விட்டு விலகி நின்றால் கூடிவிட்டது. அதைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறையுங்கள்.